வெளி ஹார்ட் டிஸ்க்கை எல்லாக் கணினியிலும் ஓடும்படி ஃபார்மேட் செய்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சமூக மன்றத்தில் மூத்தவர்களுக்குக் கணினி சொல்லிக் கொடுக்கப் போனாலும் சரி, சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவானாலும் சரி, இந்த விஷயத்தில் ஒரே மாதிரியான கேள்விகள்தான் வந்துகொண்டே இருக்கின்றன. சிங்கப்பூரில் நம் வீடுகளில் இப்போது ஒரே வகைக் கணினி இருப்பதில்லை. அப்பாவுக்கு அலுவலகம் கொடுத்த விண்டோஸ் மடிக்கணினி, பாலிடெக்னிக்கில் படிக்கும் மகளுக்கு மேக்புக், உயர்நிலைப் பள்ளிப் பையனுக்குக் குரோம்புக், கூடத்தில் ஒரு டிவி, இத்தனைக்கும் நடுவில் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். அவசரமாகப் படிப்பவர்கள் இதை மட்டுமாவது பிடித்துக்கொள்ளுங்கள்: ஃபார்மேட் பொத்தானை அழுத்துவதற்கு முன், உள்ளே இருப்பதற்கு வேறு இடத்தில் ஒரு நகல் இருந்தாக வேண்டும்.

ஃபார்மேட்னா என்னங்க? புது டிஸ்க்தானே, வாங்கினதும் அப்படியே போட்டா ஓடாதா?

ஓடும், ஆனால் எல்லாக் கணினியிலும் ஓடும் என்று சொல்ல முடியாது. எந்தக் கோப்பு டிஸ்க்கில் எங்கே கிடக்கிறது, அதன் பெயர் என்ன, எந்த இடம் காலி என்பதற்கெல்லாம் டிஸ்க்குக்குள்ளேயே ஒரு பதிவேடு இருக்கிறது. அந்தப் பதிவேட்டை எழுதும் முறைக்குத்தான் ஃபைல் சிஸ்டம் என்று பெயர். ஃபார்மேட் செய்வது என்றால் பழைய பதிவேட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைத் தொடங்குவது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு முறை வைத்திருக்கிறது. விண்டோஸுக்கு 1993இல் வந்த என்டிஎஃப்எஸ், மேக்குக்கு 2017இலிருந்து ஏபிஎஃப்எஸ் (அதற்கு முன் மேக் ஓஎஸ் எக்ஸ்டெண்டட்), லினக்ஸுக்குப் பெரும்பாலும் ஈஎக்ஸ்டி4. உங்கள் டிஸ்க்கில் இப்போது எது இருக்கிறது என்று பார்க்க, விண்டோஸில் டிரைவ் மேல் வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், மேக்கில் கெட் இன்ஃபோ. அங்கேயே எழுதியிருக்கும்.

எல்லாத்துலயும் ஓடணும். சுத்தி வளைக்காம சொல்லுங்க, எதுல ஃபார்மேட் பண்றது?

எக்ஸ்ஃபேட்.

மைக்ரோசாஃப்ட் 2006இல் கொண்டுவந்தது. மேக்கில் 2010இல் வந்த 10.6.5 பதிப்பிலிருந்து படிக்கவும் எழுதவும் முடிகிறது. மைக்ரோசாஃப்ட் 2019இல் இதன் விவரக்குறிப்பை வெளியிட்ட பிறகு லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே, 5.4 பதிப்பிலிருந்து, இடம் பிடித்துவிட்டது. ஆக, மூன்று பக்கமும் எந்த மென்பொருளும் காசு கொடுத்து வாங்காமல் ஓடும். ஆனால் இதற்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு, அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன். அதைப் படிக்காமல் போய்விடாதீர்கள்.

தம்ப் டிரைவ் எல்லாம் ஃபேட்32லதான் இருக்கு, நல்லாத்தான் ஓடுது. ஹார்ட் டிஸ்க்குக்கும் அதையே வச்சுக்கலாமா?

வேண்டாம். ஃபேட்32இல் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியைத் தொட முடியாது. ஊரில் நடந்த கல்யாண வீடியோவை ஸ்டுடியோக்காரர் ஒரே கோப்பாகக் கொடுத்தால் அது எளிதாக 10, 15 ஜிபி வரும். டிஸ்க்கில் 900 ஜிபி காலியாக இருக்கும்போதே 'கோப்பு மிகப் பெரியது' என்று செய்தி வருவதைப் பார்த்துத்தான் நிறையப் பேர் என்னிடம் வருகிறார்கள். போதாததற்கு, விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் பெட்டி பல ஆண்டுகளாக 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவுக்கு ஃபேட்32 என்ற தேர்வையே காட்டுவதில்லை. பழைய கார் ஸ்டீரியோ, பழைய டிவி இவற்றுக்காகச் சின்னத் தம்ப் டிரைவில் மட்டும் ஃபேட்32 இருக்கட்டும்.

விண்டோஸ்ல எப்படிப் பண்றது?

டிஸ்க்கைச் செருகுங்கள், ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் அதன் மேல் வலது கிளிக், ஃபார்மேட். ஃபைல் சிஸ்டம் என்ற இடத்தில் எக்ஸ்ஃபேட் தேர்ந்தெடுங்கள். அலொகேஷன் யூனிட் சைஸ் என்பதைத் தொடாமல் அப்படியே விடுங்கள். ஒரு பெயர் கொடுங்கள், குயிக் ஃபார்மேட் டிக் இருக்கட்டும், ஸ்டார்ட். சில நொடி வேலைதான்.

ஸ்டார்ட் அழுத்துவதற்கு முன் டிரைவ் எழுத்தை (ஈ:, எஃப்:) இன்னொரு முறை பாருங்கள். மற்ற எல்லா வெளி டிஸ்க்குகளையும் தம்ப் டிரைவ்களையும் கழற்றிவிட்டுச் செய்வது இன்னும் நல்லது.

மேக்ல டிஸ்க் யுட்டிலிட்டியில எரேஸ் பண்ணினா ஸ்கீம்னு ஒண்ணு வரும்னு சொல்றாங்க, எனக்கு வரவே இல்லையே?

உங்கள் கண்ணுக்குத் தெரிவது டிஸ்க்குக்கு உள்ளே இருக்கும் பகுதி மட்டும், முழு டிஸ்க் இல்லை. டிஸ்க் யுட்டிலிட்டியில் மேலே வியூ மெனுவுக்குப் போய் ஷோ ஆல் டிவைசஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இடப்பக்கப் பட்டியலில் டிஸ்க்கின் கம்பெனிப் பெயரோடு ஒரு வரி மேலே தோன்றும், அதைத் தொட்டு எரேஸ் கொடுத்தால் பெயர், ஃபார்மேட், ஸ்கீம் மூன்றும் கேட்கும். ஃபார்மேட்டுக்கு எக்ஸ்ஃபேட், ஸ்கீமுக்கு ஜியுஐடி பார்ட்டிஷன் மேப். (டிஸ்க் எந்தெந்தப் பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது என்று குறித்து வைக்கும் முறைதான் ஸ்கீம்.)

விண்டோஸ், மேக் இரண்டும் கைவசம் இருந்தால் எதில் ஃபார்மேட் செய்வது என்று கேட்பவர்களுக்கு: விண்டோஸில் செய்யுங்கள். மேக்கில் செய்த எக்ஸ்ஃபேட் டிஸ்க்கை விண்டோஸோ டிவியோ ஏற்க மறுப்பதாகத்தான் அடிக்கடி கேள்விப்படுகிறேன், எதிர்ப்பக்கமாக வரும் புகார் குறைவு.

ஜியுஐடியா, மாஸ்டர் பூட் ரெக்கார்டா? தப்பா எடுத்துட்டா என்ன ஆகும்?

மாஸ்டர் பூட் ரெக்கார்ட் பழைய முறை, வழக்கமான டிஸ்க்குகளில் 2 டிபிக்கு மேல் அதனால் கையாள முடியாது. 4 டிபி டிஸ்க்கில் அதைத் தேர்ந்தெடுத்தால் பாதி இடம் பயன்படாமல் கிடக்கும். இப்போது இருக்கும் விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாமே ஜியுஐடியைப் படிக்கும். பழைய டிவிக்காக என்றால் மட்டும், அதுவும் 2 டிபிக்குள் என்றால் மட்டும், மாஸ்டர் பூட் ரெக்கார்ட்.

2 டிபின்னு வாங்கினேன், விண்டோஸ்ல 1.81 தான் காட்டுது. கடைக்காரர் ஏமாத்திட்டாரா?

இல்லை. டிஸ்க் கம்பெனி 1000, 1000ஆகப் பெருக்கிக் கணக்கு வைக்கிறது, விண்டோஸ் 1024ஆல் கணக்குப் போடுகிறது. அதனால் 1 டிபி என்பது 931 ஜிபியாகவும், 4 டிபி என்பது 3.63ஆகவும் தெரியும். மேக் 2009இலிருந்து கம்பெனிக் கணக்கிலேயே காட்டுவதால் அங்கே 2 டிபி என்றே வரும். இடம் எங்கும் போகவில்லை.

உண்மையில் ஏமாற்று வேறு இடத்தில் இருக்கிறது. இணையத்தில் இருபது, முப்பது வெள்ளிக்கு 16 டிபி என்று விற்பதை நம்பி வாங்காதீர்கள். உள்ளே சின்னத் தம்ப் டிரைவ் சில்லை வைத்து, 16 டிபி என்று பொய் சொல்லும்படி செய்திருப்பார்கள். ஃபார்மேட்டும் ஆகும், காப்பியும் ஆவது போலத் தெரியும், திறந்து பார்த்தால் பாதிக் கோப்புகள் கெட்டுப் போயிருக்கும். சந்தேகம் இருந்தால் விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்கிலும் லினக்ஸிலும் எஃப்3 என்ற இலவசக் கருவிகள் டிஸ்க் முழுவதும் எழுதிப் படித்துச் சரிபார்த்துச் சொல்லும். சிம் லிம் ஸ்குவேரில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும், ரசீதைத் தூக்கிப் போடும் முன் இந்தச் சோதனையை முடித்துவிடுங்கள்.

அக்கா டிஸ்க்கை என் லேப்டாப்ல போட்டதும் 'ஃபார்மேட் பண்ணினாதான் பயன்படுத்த முடியும், பண்ணவா?'ன்னு கேக்குது. ஓகே குடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். கேன்சல் அழுத்துங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

அக்காவிடம் மேக் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். மேக் முறையில் ஃபார்மேட் செய்த டிஸ்க்கை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரியாத டிஸ்க்கும் காலி டிஸ்க்கும் விண்டோஸுக்கு ஒன்றுதான், அதனால் ஃபார்மேட் செய்யச் சொல்கிறது. உள்ளே இருக்கும் குழந்தையின் படங்களும் தாத்தாவின் குரல் பதிவும் அதற்குத் தெரியாது. மேக்கிலும் இதே ஆபத்து உண்டு: 'இந்தக் கணினியால் படிக்க முடியவில்லை' என்று சொல்லி எஜெக்ட், இக்னோர், இனிஷியலைஸ் என்று மூன்று பொத்தான் காட்டும். இனிஷியலைஸ் பக்கம் போகாதீர்கள்.

டிஸ்க்கைக் கழற்றி, எந்தக் கணினியில் கடைசியாக ஓடியதோ அதில் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் எல்லாம் பத்திரமாக இருக்கும். ஏற்கெனவே ஓகே கொடுத்துவிட்டீர்கள் என்றால், அந்த நிமிடமே நிறுத்துங்கள், அதில் எதையும் புதிதாகக் காப்பி செய்யாதீர்கள். குயிக் ஃபார்மேட் என்றால் பதிவேடுதான் போயிருக்கும், மேலே எதையும் எழுதாதவரை கோப்புகளை மீட்க வாய்ப்பு இருக்கிறது.

என் டிஸ்க் மேக்ல திறக்குது, படம் பார்க்க முடியுது, ஆனா எதையும் உள்ள போட முடியலை. டிஸ்க் கெட்டுப்போச்சா?

டிஸ்க் நன்றாக இருக்கிறது. அது என்டிஎஃப்எஸ்ஸில் இருக்கிறது. மேக் அதைப் படிக்கும், எழுதாது. எழுத வைக்கும் மென்பொருள்கள் விலைக்குக் கிடைக்கின்றன, மேக்கில் எப்போதாவதுதான் எழுத வேண்டும் என்றால் அதற்குக் காசு செலவழிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, 2021இல் வந்த 5.15 கெர்னலிலிருந்து என்டிஎஃப்எஸ்ஸில் நேரடியாகவே எழுதலாம்.

உள்ள இருக்கிறது அழியாம என்டிஎஃப்எஸ்ஸை எக்ஸ்ஃபேட்டா மாத்த வழி இல்லையா?

விண்டோஸில் அப்படி ஒரு வழி இல்லை. விண்டோஸில் கன்வர்ட் என்ற கட்டளை இருக்கிறது, அது ஃபேட்32ஐ என்டிஎஃப்எஸ்ஸாக மாற்றும், அவ்வளவுதான். எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றாது, திரும்பியும் வராது. எனவே எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்குக் காப்பி செய்து, சில கோப்புகளைத் திறந்து பார்த்துச் சரிதானா என்று உறுதி செய்துகொண்டு, அப்புறம் ஃபார்மேட் செய்து, திரும்பக் கொண்டுவாருங்கள். இடம் இல்லை என்றால் நண்பரிடம் ஒரு வாரத்துக்கு ஒரு டிஸ்க் கடன் வாங்குங்கள்.

எக்ஸ்ஃபேட் இவ்வளவு வசதின்னா, அப்புறம் ஏன் விண்டோஸும் மேக்கும் வேற வேற வச்சிருக்காங்க?

மேலே சொன்ன பலவீனம் இதுதான். என்டிஎஃப்எஸ், ஈஎக்ஸ்டி4 போன்றவை ஒரு மாற்றத்தைச் செய்வதற்கு முன் 'இதைச் செய்யப் போகிறேன்' என்று ஒரு குறிப்பு எழுதி வைத்துக்கொள்ளும். நடுவில் வயர் கழன்றால் அந்தக் குறிப்பைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். ஏபிஎஃப்எஸ் வேறு வழியில் அதே பாதுகாப்பைத் தருகிறது. எக்ஸ்ஃபேட்டில் அந்த ஏற்பாடு கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் அந்தக் கோப்பு மட்டும் இல்லாமல் ஒரு ஃபோல்டரே காணாமல் போகலாம்.

அதனால் விண்டோஸில் சேஃப்லி ரிமூவ், மேக்கில் எஜெக்ட், ஒவ்வொரு முறையும், விதிவிலக்கில்லாமல். கணினிக்குக் கணினி கொண்டுபோகும் வேலைக்கு எக்ஸ்ஃபேட் அருமையானது. குடும்பப் படங்களின் ஒரே பிரதி இருக்கும் இடமாக அது இருக்கக் கூடாது (எந்த ஒற்றை டிஸ்க்கும் இருக்கக் கூடாது, ஆனால் எக்ஸ்ஃபேட் இன்னும் கூடாது).

பாலிடெக்னிக்கில் நிரல் எழுதுபவர்களுக்கு இன்னொன்று. எக்ஸ்ஃபேட்டில் சிம்பாலிக் லிங்க், கோப்பு உரிமைகள் எல்லாம் இல்லை, அதனால் புராஜெக்ட் ஃபோல்டரை அதில் வைத்து ஓட்டினால் புரியாத பிழைகள் வரும். பெரிய டிரைவில் விண்டோஸ் ஒதுக்கும் மிகச் சிறிய துண்டே 128 கேபி என்பதால், ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்புகள் இடத்தை விழுங்கும். ஜிப் செய்து ஒரே கோப்பாகக் கொண்டுபோங்கள்.

எக்ஸ்ஃபேட்தான் போட்டேன். நேத்து வரைக்கும் மேக்ல வந்துச்சு, இன்னிக்கு செருகினா எதுவுமே வரமாட்டேங்குது?

முந்தைய பதிலின் தொடர்ச்சிதான் இது. சரியாக எஜெக்ட் செய்யாமல் எடுத்திருப்பீர்கள், மேக் பின்னணியில் டிஸ்க்கைச் சோதித்துக்கொண்டிருக்கும். ஆக்டிவிட்டி மானிட்டரில் 'எஃப்எஸ்சிகே' (fsck) என்று தொடங்கும் பெயர் ஒன்று ஓடுகிறதா பாருங்கள். ஓடினால் தொடாமல் காத்திருங்கள், பெரிய டிஸ்க் என்றால் நிறைய நேரம் எடுக்கும். பொறுமை இழந்து பிடுங்கினால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அப்படியும் வரவில்லை என்றால் விண்டோஸில் செருகி, பிராப்பர்ட்டீஸ், டூல்ஸ், செக் என்று போய்ச் சோதனை ஓட்டுங்கள், பல நேரம் அதிலேயே சரியாகிவிடும்.

ஒரே டிஸ்க்ல மேக்கோட டைம் மெஷினும் வேணும், விண்டோஸ் கோப்பும் வேணும். முடியுமா?

முடியும். டைம் மெஷின் (மேக் தானாக நகல் எடுத்து வைக்கும் வசதி) எக்ஸ்ஃபேட்டில் ஓடாது, ஆகவே டிஸ்க்கை இரண்டாகப் பிரிக்க வேண்டும். முழு டிஸ்க்கையும் ஜியுஐடி ஸ்கீமில் அழித்துவிட்டு, டிஸ்க் யுட்டிலிட்டியின் பார்ட்டிஷன் வழியாக ஒரு பகுதி ஏபிஎஃப்எஸ், மறுபகுதி எக்ஸ்ஃபேட். டைம் மெஷின் பகுதி மேக்கின் உள் டிஸ்க்கைப் போல இரண்டு மடங்காவது இருக்கட்டும். மேக்கின் ஃபோட்டோஸ் லைப்ரரியையும் எக்ஸ்ஃபேட்டில் வைக்காதீர்கள், ஆப்பிளே அதைக் கூடாது என்கிறது.

இந்த டிஸ்க்கை விண்டோஸில் செருகும்போது, ஏபிஎஃப்எஸ் பகுதியைப் பார்த்து அந்த 'ஃபார்மேட் பண்ணவா' கேள்வி வரலாம். அக்காவின் டிஸ்க்குக்குச் சொன்ன பதில் இதற்கும் பொருந்தும். வீட்டில் வேறு யாராவது அதை அழுத்திவிடக்கூடும் என்றால், இரண்டு தனி டிஸ்க் வாங்குவதே என் ஆலோசனை.

டிவி, ஐபேட், குரோம்புக், பிஎஸ்5 இதுல எல்லாம்?

டிவிக்கு டிவி மாறும். ஃபேட்32 எல்லாவற்றிலும் ஓடும் என்று வைத்துக்கொள்ளலாம், மற்றவற்றுக்கு உங்கள் டிவியின் கையேட்டைப் பாருங்கள். ஐபேடும் ஐஃபோனும் 2019இல் வந்த பதிப்பு 13இலிருந்து ஃபைல்ஸ் செயலியில் எக்ஸ்ஃபேட்டைத் திறக்கும், ஆனால் சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்குப் பழைய லைட்னிங் துளை தரும் மின்சாரம் போதாது, தனியாக மின்சாரம் தரும் அடாப்டர் வேண்டியிருக்கும். குரோம்புக் எக்ஸ்ஃபேட்டைப் படிக்கும். ஆனால் பள்ளியோ அலுவலகமோ நிர்வகிக்கும் கணினிகளில் யுஎஸ்பியையே மூடி வைத்திருக்கலாம், அங்கே நீங்கள் எப்படி ஃபார்மேட் செய்தாலும் பயனில்லை.

பிஎஸ்5இல் விளையாட்டுகளைச் சேமிக்க என்றால் அது டிஸ்க் முழுவதையும் தன் முறைக்கு மாற்றிவிடும், அப்புறம் எந்தக் கணினியிலும் படிக்காது. பிள்ளைகளிடம் இதைத் தெளிவாகச் சொல்லி வையுங்கள்.

தமிழ்ல பேர் வச்ச கோப்பு எல்லாம் காப்பி ஆகும்போது தகராறு பண்ணுது. எக்ஸ்ஃபேட்டுக்குத் தமிழ் தெரியாதா?

நன்றாகவே தெரியும். எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் இரண்டும் யுனிகோடில்தான் பெயரை வைக்கின்றன, ஒரு பெயருக்கு 255 குறிகள் வரை இடம் உண்டு. தகராறு பெரும்பாலும் லினக்ஸ் பக்கம் போகும்போது வரும். ஈஎக்ஸ்டி4 எழுத்தை எண்ணுவதில்லை, பைட்டை எண்ணுகிறது, அதிகபட்சம் 255 பைட். தமிழில் ஒவ்வொரு யுனிகோட் குறிக்கும் 3 பைட் ஆகிறது, உயிர்மெய்யில் மெய் ஒரு குறி, அதன் மேல் ஏறும் உயிர்க்குறி இன்னொன்று. 'திருமணம்' நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, கணினிக்கு எட்டுக் குறி, 24 பைட். ஆக மொத்தம் 85 குறிகளோடு இடம் முடிந்துவிடும். 'மீனாட்சி அம்மன் கோயில் கும்பாபிஷேகம் இரண்டாம் நாள் காலை யாகசாலை பூஜை மற்றும் சிறப்பு அன்னதானம்' என்று பெயர் வைத்தால் விண்டோஸ் வாங்கிக்கொள்ளும், ஈஎக்ஸ்டி4 மறுத்துவிடும். பெயரைச் சுருக்குங்கள், விவரத்தை ஃபோல்டரில் ஓர் உரைக் கோப்பாக எழுதி வையுங்கள்.

கேள்விக்குறி, முக்காற்புள்ளி, இரட்டை மேற்கோள், சாய்கோடு இவை விண்டோஸ் பெயர்களில் கூடாது, மேக்கில் பெயர் வைக்கும்போதே தவிர்த்துவிடுங்கள். புள்ளியும் அடிக்கோடும் (._) சேர்ந்து தொடங்கும் விநோதமான குட்டிக் கோப்புகள் விண்டோஸில் தெரிந்தால் பயப்பட வேண்டாம், மேக் தன் குறிப்புகளை அப்படி விட்டுச் செல்லும், வைரஸ் இல்லை.

பழைய டிஸ்க்கைக் கரோசெல்ல விக்கப் போறேன். ஃபார்மேட் பண்ணிட்டேன், போதும்ல?

குயிக் ஃபார்மேட் என்றால் போதாது. பதிவேடுதான் புதிது, கோப்புகள் அடியில் அப்படியே இருக்கின்றன, இலவச மென்பொருளே மீட்டுவிடும். அடையாள அட்டை நகலும் சம்பளச் சீட்டும் அதில் இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். விண்டோஸில் குயிக் ஃபார்மேட் டிக்கை எடுத்துவிட்டுச் செய்தால், விஸ்டாவுக்குப் பிந்தைய எல்லாப் பதிப்பும் டிஸ்க் முழுவதும் பூஜ்ஜியம் எழுதும். மணிக்கணக்கில் ஓடும், இரவு படுக்கப் போகும்போது போட்டுவிடுங்கள்.

எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத, சில்லில் சேமிக்கும் டிஸ்க்) என்றால் மேலெழுதுவதை முழுவதும் நம்ப முடியாது, எழுதும் இடத்தை அது தானே மாற்றிக்கொள்ளும். தொடக்கத்திலிருந்தே கடவுச்சொல் போட்டு மறையாக்கம் செய்து பயன்படுத்தியிருந்தால்தான் நிம்மதி. ஓடாத டிஸ்க்கைக் குப்பைக் குழாயில் போடாதீர்கள், மின்கழிவுச் சேகரிப்பில் சேர்த்துவிடுங்கள்.

கடவுச்சொல் போட்டா எல்லாக் கணினியிலும் திறக்குமா?

விண்டோஸின் பிட்லாக்கர் என்ற பூட்டைப் போட்டால் மேக்கில் திறக்காது. மேக்கின் மறையாக்கம் விண்டோஸில் திறக்காது. இரண்டுக்கும் பொதுவாக வேண்டும் என்றால் வெராகிரிப்ட் என்ற இலவச மென்பொருள். எக்ஸ்ஃபேட் டிஸ்க்கில் பூட்டிய பெட்டி மாதிரி ஒரு கோப்பை உருவாக்கி, முக்கியமானதை மட்டும் அதற்குள் வைக்கலாம். டியூஷன் எடுப்பவர்கள் மாணவர் விவரங்களை இப்படி வைத்துக்கொள்வது நல்லது. கடவுச்சொல்லை மறந்தால் யாராலும் திறக்க முடியாது, எழுதிப் பத்திரமான இடத்தில் வையுங்கள்.

டிஸ்க்ல டிக் டிக்னு சத்தம் வருது, ஃபார்மேட் பண்ணினா சரியாகுமா?

ஆகாது. அது உள்ளே இருக்கும் பாகத்தின் கோளாறு. ஃபார்மேட்டோ சோதனையோ ஓட்டினால் இருக்கும் கொஞ்ச நஞ்ச உயிரும் போகும். உடனே கழற்றுங்கள். வேறு நகல் இல்லாத, உங்களுக்கு மிக வேண்டியது உள்ளே இருந்தால் டேட்டா மீட்கும் கடையில் கொடுங்கள், கொடுக்கும் முன் கட்டணத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நகல் இருந்தால், வேறு டிஸ்க் வாங்கி விண்டோஸில் செருகி எக்ஸ்ஃபேட் போட்டுக்கொள்ளுங்கள்.